ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குக் கூப்பிடுங்க, பெரியப்பா

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்ண உட்காரும்போது மணி ராத்திரி பத்தே கால். ஒன்பதரைக்கே ஆரம்பிச்சிருக்கணும். ஆனா ராஜபாளையத்துல இருந்து மாமா போன் பண்ணிட்டார். "மாப்ள, டிவில யூடியூப் வரமாட்டேங்குது, வட்டமா சுத்திக்கிட்டே கெடக்கு." முக்கால் மணி நேரம் போச்சு. செட்டிங்ஸ்ல போங்க, நெட்வொர்க்ல போங்க, பாஸ்வேர்டு போடுங்க, பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்த்துப் போடுங்கன்னு எல்லாம் சொல்லி முடிச்ச பிறகுதான் தெரிஞ்சது, ரூட்டர் பிளக்கைக் கழட்டிட்டு அந்த இடத்துல இஸ்திரிப் பெட்டியை மாட்டியிருக்காங்க.

இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறேன். குடும்பத்துல ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டா, அந்தக் குடும்பத்துக்கே அவன் ஆயுள் முழுக்க சம்பளமில்லாத சர்வீஸ் இன்ஜினியர் ஆயிடறான். அதுல இருந்து எப்படித் தப்பிக்கிறது? நான் தப்பிக்கப் பார்த்தேன். ஒரு தடவை நல்லாவே தப்பிச்சேன். அந்தத் தடவை நடந்ததைச் சொல்லத்தான் இந்த எபிசோட்.

முதல்ல ஊர். எங்க வீடு ராஜபாளையத்துல, பஞ்சு மார்க்கெட் பக்கம். பெரியப்பா வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்ல. நடுவுல 12 கிலோமீட்டர்தான், பஸ் ஏறினா அரை மணி நேரம். சின்ன வயசுல லீவுன்னா பாதி நாள் அங்கதான். பெரியப்பா போஸ்ட் ஆபீஸ்ல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். மணியார்டர் ஃபாரத்துல ஒரு எழுத்து அடிச்சித் திருத்தியிருந்தாக்கூட வாங்க மாட்டாராம், அவ்வளவு கண்டிப்பு. மாமா பேண்டேஜ் துணி வியாபாரம். எங்க ஊருக்கும் சத்திரப்பட்டிக்கும் அதுதான் பொழப்பு, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

நான் படிச்சது எலெக்ட்ரானிக்ஸ். வேலை சென்னையில, பணப் பரிவர்த்தனை சாஃப்ட்வேர்ல பேக்எண்ட். நீங்க ஒரு கடையில ஸ்கேன் பண்ணினா, அந்தப் பக்கம் சர்வருக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கிற வேலை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஆனா ஊர்ல இந்தப் பேக்எண்ட் ஃபிரண்ட்எண்ட் எல்லாம் எடுபடாது. "நீ கம்ப்யூட்டர்தான?" அவ்வளவுதான் கேள்வி. மாமாவுக்கு 11ஆம் தேதி வந்தா ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வந்தா 3பி. ஆடிட்டர் இருக்கார், காசும் வாங்குறார். ஆனா போர்ட்டல் சுத்த ஆரம்பிச்சா போன் எனக்குத்தான் வரும். அத்தைக்கு ஸ்டோரேஜ் ஃபுல். கூகுள் கொடுக்கிற 15 ஜிபியை ஒரு மனுஷி குட்மார்னிங் ரோஜாப்பூவாலயே நிரப்ப முடியும்னு அத்தை நிரூபிச்சாங்க. பொங்கல் வந்தா பொதிகை எக்ஸ்பிரஸ் டிக்கெட். அறுபது நாள் முன்னாடி காலையில எட்டு மணிக்கு புக்கிங் திறக்கும், எட்டு அஞ்சுக்கு வெயிட்டிங் லிஸ்ட். அதுல டிக்கெட் கிடைக்கலன்னா, "இவ்வளவு படிச்சும் ஒரு டிக்கெட் போடத் தெரியல"ன்னு பேச்சு.

இதுல எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. ஒரு மெஷினை ஒரு தடவை தொட்டுட்டா, அடுத்த ஆறு மாசத்துக்கு அதுக்கு வர்ற எல்லா நோய்க்கும் நீங்கதான் காரணம். சித்தப்பா லேப்டாப்ல நான் ஒரே ஒரு பிரவுசர் போட்டுக் கொடுத்தேன். நாலு மாசம் கழிச்சு அதோட கீல் உடைஞ்சு போச்சு. "நீ வந்து என்னமோ பண்ணிட்டுப் போனதுல இருந்தே அது சரியில்லடா"ன்னார்.

அதனால போன வருஷம் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த மாதிரிச் சமயத்துல எல்லாரும் சொல்ற யோசனைகள் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். "எனக்கு லினக்ஸ்தான் தெரியும்னு சொல்லிடு." சொல்லிப் பார்த்தேன். மாமா அதை ஏதோ வியாதின்னு நினைச்சுட்டார். "காசு கேளு, ஓடிப் போயிடுவாங்க." மாமா கிட்ட விளையாட்டா ஐநூறு ரூபா ஆகும்னேன். அவர் நிஜமாவே அனுப்பிட்டார், அதோட இன்னும் நாலு வேலையும் கொடுத்தார். "வேணும்னே சொதப்பி வை, திரும்பக் கூப்பிட மாட்டாங்க." இது ஆபீஸ்ல வேணா செல்லும். வீட்ல நீங்க சொதப்பினா, அதைச் சரி பண்ணவும் உங்களைத்தான் கூப்பிடுவாங்க.

கடைசியா எடுத்தது ரொம்ப எளிமையான முடிவு. வேலை நாள்ல, வேலை நேரத்துல, வீட்டுப் போனை எடுக்கிறதில்ல. அவசரம்னா அம்மா மெசேஜ் போடுவாங்க. மத்தது எதுவா இருந்தாலும் ராத்திரி பார்த்துக்கலாம். ஃப்ரெண்ட்ஸ் கிட்ட இதைப் பெருமையா வேற சொன்னேன். எல்லை போடக் கத்துக்கிட்டேன், அது இதுன்னு.

நவம்பர்ல ஒரு வியாழக்கிழமை. காலையில பதினொன்றே கால். ஒரு ரிலீஸ் போயிட்டிருந்தது, நான் மீட்டிங்ல இருந்தேன். பெரியப்பா கூப்பிட்டார். கட் பண்ணினேன். பத்து நிமிஷம் கழிச்சுத் திரும்பக் கூப்பிட்டார். கட் பண்ணிட்டு, போன்லயே ரெடியா இருக்கிற அந்த ஆங்கில மெசேஜைத் தட்டிவிட்டேன். பிறகு பேசுறேன்னு.

விஷயம் இதுதான். பெரியப்பா கரண்ட் பில் கட்டியிருக்கார், யூபிஐல. 2,340 ரூபாய். பேங்க்ல பணம் கழிஞ்சிருச்சு. ஆனா ஆப்ல 'பெண்டிங்'. இந்தப் பக்கம் பில் கட்டினதா காட்டல. அந்தப் பக்கம் பணமும் இல்ல. அவருக்குப் பதற்றம். ஒரு கணக்கு சரியா வரலன்னா ராத்திரி தூங்காத ஆள் அவர்.

இந்த இடத்துலதான் என் வேலை என்னன்னு ஞாபகப்படுத்திக்கச் சொன்னேன். இந்தப் 'பெண்டிங்'தான் நான் தினமும் பார்க்கிற விஷயம். பணம் கழிஞ்சு, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரலன்னா என்ன ஆகணும்னு ரிசர்வ் பேங்க் 2019 செப்டம்பர்ல ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கு. ஆளுக்கு ஆள் அனுப்பினதுன்னா மறுநாளுக்குள்ள, கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டினதுன்னா அஞ்சு நாளுக்குள்ள, பணம் தானா திரும்பி வரணும். அதுக்கு மேல தாமதமானா நாளொன்றுக்கு 100 ரூபாய் பேங்க் கொடுக்கணும். நீங்க புகார் கொடுக்கணும்னுகூட அவசியமில்ல. ஆக, பெரியப்பாவுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரி. "ஒண்ணும் பண்ணாதீங்க பெரியப்பா, பணம் தானா வந்துரும்." அதைச் சொல்ல எனக்கு ஆறு செகண்ட் ஆகியிருக்கும்.

நான் எடுக்கல. அவர் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடியிருக்கார். தேடினதும் முதல்ல வந்த நம்பர் போலி. எடுத்தவன் நல்ல தமிழ்ல, ரொம்ப மரியாதையா, "சார், நீங்க பதற வேண்டாம்"னு பேசியிருக்கான். நான் பேச வேண்டிய வசனத்தை அவன் பேசியிருக்கான். அப்புறம் ஒரு ஆப் போடச் சொல்லியிருக்கான். ஸ்க்ரீனைத் தூரத்துல இருந்து பார்க்கிற ஆப். அதுல ஒன்பது இலக்க நம்பர் வரும், அதைச் சொல்லுங்கன்னு கேட்டிருக்கான். பெரியப்பா சொல்லிட்டார். "செக் பண்றதுக்காக உங்க ஆப்பைத் திறந்து பின் போட்டுப் பாருங்க சார்"னு சொல்லியிருக்கான். போட்டார்.

இந்த மாதிரி ஆப்களை வச்சு இப்படி ஏமாத்துறாங்கன்னு ரிசர்வ் பேங்க் 2019 பிப்ரவரியிலேயே எச்சரிச்சிருக்கு. நான் அதைப் படிச்சவன். ஆபீஸ்ல அதைப் பத்தி ஒரு ப்ரெசென்டேஷனே கொடுத்தவன். எங்க வீட்ல ஒருத்தர் கிட்டயும் சொன்னதில்ல. ரூட்டர் பிளக்கைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசியிருக்கேன், இதைப் பத்தி அரை நிமிஷம் பேசினதில்ல.

38,400 ரூபாய். மூணு தடவையா.

பெரியப்பா யார்கிட்டயும் சொல்லல. எங்கிட்டயும் மறுபடி கூப்பிடல. மதியம் சாப்பிடல, படுத்துட்டார். சாயந்தரம் நாலரை மணிக்கு மதினி, அதாவது பெரியப்பா மருமக, ஸ்கூல்ல இருந்து பிள்ளையைக் கூட்டிட்டு வந்தவங்க, அவர் முகத்தைப் பார்த்துட்டு போனை வாங்கிப் பார்த்திருக்காங்க. எஸ்எம்எஸ் வரிசையா இருந்திருக்கு. உடனே 1930க்குப் போட்டுட்டாங்க. எங்கிட்ட கேட்கல, அண்ணன்கிட்ட கேட்கல. 1930ன்னா சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். அதுல சொன்னதும், போன பணம் எந்தெந்தக் கணக்குக்குத் தாவியிருக்குன்னு பார்த்து, வழியில நிக்கிறதை முடக்கச் சொல்லி பேங்குகளுக்குத் தகவல் போகும். அதனால அங்க நேரம்தான் எல்லாமே. பணம் ஒரு கணக்குல நிக்காது, நாலஞ்சு கணக்குக்குத் தாவி, எங்கேயோ ஒரு ஏடிஎம்ல நோட்டா வெளியே வந்துரும். மதினிக்கு எப்படி அந்த நம்பர் தெரியும்னா, பிள்ளையோட ஸ்கூல்ல ஒரு போலீஸ்காரர் வந்து பேசியிருக்கார், நோட்டீஸ் கொடுத்திருக்காங்க, அதை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்காங்க.

அஞ்சு மணி நேரம் தாமதம். அதுல முடக்க முடிஞ்சது 11,000 சொச்சம். அதுவும் மனு, கையெழுத்து, அலைச்சல்னு மாசக்கணக்குல இழுத்துத்தான் கைக்கு வந்தது. மிச்சம் போனது போனதுதான். பேங்க்ல கேட்டா, பின் நம்பரை நீங்களே போட்டிருக்கீங்கன்னுதான் சொன்னாங்க. அதுல அவங்க சொல்றது விதிப்படி சரி. 2017ல ரிசர்வ் பேங்க் போட்ட விதியில, வாடிக்கையாளர் மேல தப்பே இல்லாம வேற யாரோ செய்த மோசடியா இருந்து, மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா நஷ்டம் அவருக்கு இல்ல. ஆனா அவரே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தா, பேங்குக்குச் சொல்ற நிமிஷம் வரைக்கும் போனது அவர் கணக்கு. இதுல எனக்குக் கோபம் உண்டு. எழுபது வயசுக்காரரை அவர் சம்மதத்தோடதான் ஏமாத்தினாங்கன்னா, அதுக்குப் பேர் சம்மதமா? சரி, அது வேற எபிசோட்.

அந்த 2,340 ரூபாய் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. மூணாவது நாள் தானா கணக்குல திரும்பி வந்துருச்சு.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பொதிகையில டிக்கெட் இல்ல, பஸ்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கி நேரா பெரியப்பா வீடு. திட்டுவார்னு நினைச்சேன். "நீ வேலையா இருந்திருப்ப, நான் நச்சரிச்சிருக்கக் கூடாது"ன்னார். அதுக்குத் திட்டியிருக்கலாம். பெரியம்மா மட்டும் காபியை வச்சுட்டு, "ஒரு வார்த்த எடுத்துக் கேட்டிருக்கலாம்லய்யா"ன்னாங்க.

மதினி அடுப்படியில இருந்தாங்க. நான் போய், அன்னைக்கு நான் எடுத்திருக்கணும் மதினின்னு ஆரம்பிச்சேன். அவங்க தோசையைத் திருப்பிக்கிட்டே சொன்னாங்க: "தம்பி, நீங்க போன்ல அத அமுக்கு, இத அமுக்குன்னு சொல்லுவீங்கள்ல, அத இங்க அமுக்குறது யாருன்னு நெனச்சீங்க?"

நான் யோசிச்சதே இல்ல மக்களே. எத்தனை வருஷமா எல்லாருக்கும் நான்தான் சர்வீஸ்னு அலுத்துக்கிட்டிருந்தேன். அந்த வீட்ல ரேஷன் கார்டுக்கு ஆதார் இணைச்சது யாரு? கேஸ் புக் பண்றது, ஸ்கூல் ஃபீஸ் ஆப், 2020ல பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, பெரியம்மாவோட டெஸ்ட் ரிப்போர்ட்டை பிடிஎஃபா டாக்டருக்கு அனுப்புறது? மதினி பி.காம். அவங்களை யாரும் 'கம்ப்யூட்டர்'னு சொன்னதில்ல. நான் ஊருக்கு வந்தா, "தம்பி வந்துட்டான், அவன்கிட்ட கேளு"ம்பாங்க. நான் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு ஏதோ சொல்லுவேன். நான் கிளம்பினதும் அதைச் செஞ்சு முடிக்கிறது அவங்க.

மரியா பகார்ட்ஜியேவான்னு ஒரு ஆய்வாளர், கனடாவுல வீடு வீடா போய் ஜனங்க இன்டர்நெட்டை எப்படிக் கத்துக்கிறாங்கன்னு பார்த்து, 2005ல ஒரு புத்தகம் எழுதினாங்க. அதுல 'வார்ம் எக்ஸ்பர்ட்'னு ஒரு பேர் வச்சாங்க. டெக்னாலஜியும் கொஞ்சம் தெரியும், எதிர்ல இருக்கிற மனுஷனோட நிலைமையும் தெரியும், பக்கத்துலயே இருக்கார், அப்படிப்பட்ட ஆள். இதைக் காலேஜ்ல இருந்து எனக்குத் தெரியும், என்னைத்தான் அதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஐநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துக்கிட்டு போனைக் கட் பண்றவன் எப்படி வார்ம்?

அன்னைக்கு மதினியும் நானும் உட்கார்ந்து பேசினோம். பெரிய திட்டம் எல்லாம் இல்ல. முதல் விஷயம், காசு கொடுத்தா நடக்கிற வேலையை காசு கொடுத்தே நடத்தறது. வருமானச் சான்று, சாதிச் சான்றுன்னா இ-சேவை மையம். 60 ரூபாய். அதுக்காக நான் சென்னையில இருந்து ஓடிபி கேட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் உட்கார்றது முட்டாள்தனம். ஜிஎஸ்டி போர்ட்டல்ல எது நின்னாலும் ஆடிட்டர். மாமாவுக்கு இதைச் சொல்லப் புரிய வைக்கிறது கஷ்டமா இருந்தது, அவருக்கு அது காசுப் பிரச்சினை இல்ல, வெளியாள் முன்னாடி தெரியலன்னு நிக்கிறது கௌரவக் குறைச்சல். இப்பவும் பாதிதான் கேட்கிறார்.

பெரியப்பாவோட லைஃப் சர்டிஃபிகேட்டும் அப்படித்தான். மத்திய அரசுப் பென்ஷன்காரங்க வருஷா வருஷம் நவம்பர்ல உயிரோட இருக்கேன்னு காட்டணும். 2014ல ஜீவன் பிரமான்னு அதை டிஜிட்டல் ஆக்கினாங்க, 2021ல இருந்து முகத்தைக் காட்டியே போன்ல செய்யலாம். ரெண்டு வருஷமா நான்தான் வீடியோ கால்ல, "லைட்டைப் பார்த்து உட்காருங்க, கண்ணைச் சிமிட்டுங்க"ன்னு அவரைப் படுத்தி எடுத்துக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியாத ஒண்ணை மதினி சொன்னாங்க: போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க்ல சொன்னா போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து கைரேகை எடுத்து முடிச்சுக் கொடுத்துட்டுப் போவார். 70 ரூபாய். முப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவருக்கு, போஸ்ட்மேனை விட்டுட்டு நான் ஆப் இறக்கிக் கொடுத்துக்கிட்டிருந்திருக்கேன். மறுவாரமே வரச் சொல்லிட்டாங்க. கைரேகை ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சதாம். அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் பெரியப்பா அவரை விடலையாம், டெலிவரி பீட் எப்படிப் பிரிச்சிருக்காங்க, இன்னும் சைக்கிள் அலவன்ஸ் இருக்கான்னு ஒரே விசாரணை.

ரெண்டாவது, ஒரு நோட்டு. அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு, டிவி பக்கத்துல. அவசரம் இல்லாத சந்தேகம் எல்லாம் அதுல. ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு நான் கூப்பிடுவேன், ஒவ்வொண்ணா பார்ப்போம். இதுல பாதி சந்தேகம் ஞாயிறு வர்றதுக்குள்ள மதினியே முடிச்சு டிக் அடிச்சு வச்சிடறாங்க. மிச்சத்துல நான் சொல்றதைப் பெரியப்பா அவரே தன் கையால செய்யணும். மெதுவாத்தான் போகும். ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்க மூணு வாரம் ஆச்சு. நான் ரிமோட்ல புகுந்து ஒரு நிமிஷத்துல செஞ்சிடலாம்தான். ஆனா 'தூரத்துல இருந்து ஒருத்தன் உங்க போனுக்குள்ள வந்தா நல்லது நடக்கும்'ங்கிற பழக்கத்தை அவருக்கு முதல்ல ஏற்படுத்தினதே நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி அதே மாதிரி ஒரு ஆப்பைப் போட்டு, அந்த ஒன்பது நம்பரைச் சொல்லச் சொல்லி அவருக்குப் பழக்கிவிட்டவன் நான். அந்த ஆளுக்கு வேலை சுலபமா முடிஞ்சதுல எனக்கும் பங்கு இருக்கு. இதைப் பெரியப்பா கிட்ட இன்னும் சொல்லல. இந்த எபிசோடைக் கேட்டார்னா தெரிஞ்சுக்குவார்.

மூணாவது, பணம். பணம் சம்பந்தமா எது நடந்தாலும் எந்த நேரமா இருந்தாலும் நான் எடுப்பேன். ஒரு ரிங் விட்டு கட் பண்ணி, உடனே திரும்பக் கூப்பிட்டா அது பணம். மீட்டிங்ல இருந்தாலும் எழுந்து வெளியே போயிடுவேன். மேனேஜர்கிட்டயே சொல்லி வச்சுட்டேன். இதுவரைக்கும் நாலு தடவை வந்திருக்கு. மூணு சும்மா. ஒண்ணுல, 'உங்க பேர்ல பார்சல்ல போதைப் பொருள் வந்திருக்கு, டிஜிட்டல் அரெஸ்ட்'னு அத்தையை ஒருத்தன் வீடியோ கால்ல பிடிச்சு வச்சிருந்தான். அத்தை இன்னொரு போன்ல ரிங் விட்டாங்க. அப்படி ஒரு அரெஸ்டே நம்ம சட்டத்துல கிடையாது, போனை வைங்கன்னேன். அத்தை வைக்கிறதுக்கு முன்னாடி அவனை வெளுத்து வாங்கியிருக்காங்க, அதை நான் இங்க ஒலிபரப்ப முடியாது. (சிரிப்பு)

பாஸ்வேர்டு எதுவும் இப்ப என்கிட்ட இல்ல. எல்லாம் அவங்கவங்ககிட்ட, பெரியப்பாவோடது மட்டும் பூஜை அறைப் பீரோவுல ஒரு கவர்ல. ஒட்டி, அரக்கு வச்சு சீல் பண்ணியிருக்கார். பழைய ஆபீஸ் புத்தி.

யூபிஐயை அவர் விட்டுட்டார்னு நினைச்சேன். நாலு மாசம் தொடவே இல்ல. மார்ச்ல ஒரு நாள், நாங்க கடைத்தெருவுக்குப் போயிருந்தோம், பால்கோவா அரைக் கிலோ வாங்கினோம். நான் போனை எடுக்கிறதுக்குள்ள அவரே ஸ்கேன் பண்ணிட்டார். கடைக்காரர் பேர் ஸ்க்ரீன்ல வந்ததை வாய்விட்டுப் படிச்சுச் சரிபார்த்துட்டு, அப்புறம்தான் பின் போட்டார். பின்னாடி வரிசையில நின்னவங்க கொஞ்சம் முனகினாங்க. அவர் கண்டுக்கல.

சரி மக்களே, நேரமாச்சு. நாளைக்கு ஞாயிறு. மதினி நோட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க, ஏழு ஐட்டம் இருக்கு. அதுல அஞ்சுல டிக். ஆறாவது, பெரியம்மாவுக்கு எழுத்து சின்னதா தெரியுதாம். ஏழாவது பிரிண்டர். பிரிண்டருக்கு நான் வரமாட்டேன்னு ஏற்கனவே தெளிவா சொல்லியிருக்கேன்.